என் மடியில் அழுத பிள்ளை

கோர்ட்டில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "நீங்க யாரு?" என்பதுதான். குழந்தைக்குத் தாய்மாமன் என்றேன். கேட்டவர் எதையோ எழுதிக்கொண்டே பக்கத்து நாற்காலிக்காரரிடம், "வெளியாளு" என்றார். எனக்குக் கேட்க வேண்டும் என்றும் சொல்லவில்லை, கேட்கக் கூடாது என்றும் சொல்லவில்லை.

தாய்மாமன் வெளியாளாம். எங்கள் ஜவ்வாது மலையில் தாய்மாமன் வந்து உட்காராமல் ஒரு பிள்ளைக்குக் காது குத்த முடியாது, பெரியவளான பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்ற முடியாது. சீர்த்தட்டு கொஞ்சம் தாமதமாக வந்தால் ஊரே மானத்தை வாங்கிவிடும். மலை இறங்கி கோர்ட் படி ஏறியதும் நான் வெளியாள். பெற்ற அப்பன் உள்ளாள். அந்த உள்ளாள் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தங்கையின் இரண்டாவது பிரசவத்தின்போது, தூளி கட்டி அவளைத் தார்ரோட்டுக்குச் சுமந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாயும் இல்லை, பிறக்க இருந்ததும் இல்லை. ரோடு போடாதவர்கள்மேல் எனக்கு இருக்கும் கோபம் வேறு, அதை இங்கே கலக்கவில்லை. மூத்தது பெண். அப்போது அதற்கு நாலு வயது. நானும் என் மனைவியும் போய், பிள்ளையை நாங்கள் வளர்க்கிறோம் என்று கேட்டோம். எனக்கு ஜமுனாமரத்தூரில் டூ-வீலர் பட்டறை இருக்கிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. தங்கையின் வீட்டுக்காரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எங்க வூட்டுப் பொண்ணு எங்க வூட்லதான் இருக்கும்" என்றான். மாப்பிள்ளை முறை. அதற்கு மேல் பேசினால் சண்டை என்று திரும்பி வந்துவிட்டோம்.

அடுத்த புளி சீசனில் அவன் பிள்ளையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, புளி மூட்டைகளோடு ஒடுகத்தூர் சந்தைக்கு இறங்கினான். விற்றான். குடித்தான். நாள்கணக்கில் அங்கேயே கிடந்தான். அக்கம்பக்கத்தில் எல்லோரும் புளி உலுக்கத் தோப்புக்குப் போயிருந்தார்கள். எங்கள் ஊர்களில் வீட்டுக்கு வீடு ஒரு கொல்லை தூரம். உள்ளே கத்தினால் வெளியே ஆடுதான் திரும்பிப் பார்க்கும். பிள்ளை வரவில்லையே என்று தேடி வந்த அங்கன்வாடி டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். பிள்ளை புளிக் குவியலின்மேல் படுத்திருந்தாளாம்.

வீட்டில் தின்பதற்கு இருந்தது அது ஒன்றுதான். பசிக்குப் புளியைத் தின்றிருக்கிறாள். நாங்கள் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது உதடு, நாக்கு, மேலண்ணம் எல்லாம் வெந்து புண்ணாகிக் கிடந்தன. தண்ணீர்கூட முழுங்க முடியவில்லை. உடம்பெல்லாம் சிரங்கு. டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு யாரையோ திட்டினார். யாரை என்று தெரியாமல் நான் தலையாட்டினேன்.

டீச்சர்தான் குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டவள். அதிகாரிகள் வந்தார்கள், எழுதினார்கள், பிள்ளையை எங்கள் கையில் கொடுத்தார்கள். பிறகு கீழே குடும்ப நல கோர்ட்டில் கேஸ் நடந்து, பிள்ளை எங்களிடம் வளரட்டும், அப்பன் மாதத்தில் இரண்டு நாள் கோர்ட் வளாகத்து அறையில் பகலில் பார்த்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு வந்தது. அதில் எனக்குக் குறை இல்லை. பெற்றவன் பார்க்கட்டும். அவன் வந்ததே அபூர்வம். வந்தாலும் ஒரு பொரிப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, செல்லை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பிள்ளை பொரியை ஒவ்வொன்றாகத் தின்னும். நேரம் முடிந்ததும் கிளம்பிவிடுவான்.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து புளி கிடையாது. கரைக்கும் வாசனை வந்தாலே அவள் எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். குழம்பு, ரசம், கீரைக்கடையல் என எல்லாவற்றுக்கும் என் மனைவி தக்காளியையும் மாங்காயையும் வைத்தே ஓட்டினாள். புளி இல்லாமல் ஒரு மாதம் சமைத்துப் பாருங்கள், என் மனைவி யாரென்று தெரியும்.

பிள்ளை தேறினாள். பள்ளிக்கூடம் போனாள். ஆனால் அழவே மாட்டாள். விழுந்து முட்டி பெயர்ந்தாலும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு நடப்பாள். "எவ்ளோ சமத்து பாரு" என்று வருகிறவர்கள் எல்லாம் மெச்சினார்கள். அழுதால் கதவு திறக்காது என்று படித்துக்கொண்ட பிள்ளை அது. அதற்குப் பெயர் சமத்தா?

நடுவில் அவளுக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்றுமில்லை என்றார்கள். ஊரில், "முடி எறக்கல இல்ல, அதான்" என்றார்கள். உண்மைதான். தாய் செத்துப்போனதில் பிள்ளைக்கு முதல் முடி இறக்காமலே இருந்தது. முடி அப்பன் வழிக் குலசாமிக்குத்தான் இறக்க வேண்டும். அந்தச் சாமி அவர்களுடைய கொல்லையைத் தாண்டிக் காட்டோரத்தில் இருக்கிறது. ஒரு மரம், நட்ட கல், நாலு வேல். என் மனைவி, "அவன் மேல கோவம்னா சாமி மேலயுமா கோவம்?" என்று கேட்டாள். சரி என்று அவனுக்குச் சொல்லி அனுப்பினேன். அவனும் வந்தான். அவன் கோயில், அவன் வராமல் எப்படி?

முடி இறக்கும்போது பிள்ளை அப்பன் மடியில் உட்கார வேண்டும். உட்கார்ந்தாள். அதே கையோடு காதும் குத்திவிடலாம் என்று ஆசாரியை வரவழைத்திருந்தோம். காது குத்தும்போது மாமன் மடி. முடி இறக்கும்வரை வாயைத் திறக்காதவள், ஊசி ஏறியதும் என் மடியில் வீறிட்டு அழுதாள். எவ்வளவு நாள் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன்! என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஊரார் பிள்ளைக்காக உச்சுக்கொட்டினார்கள். பாவிப் பிள்ளை என் மடியில் அழுகிறாளே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

பிறகு பந்தி. கெடா வெட்டிச் சாமைச் சோறு போட்டார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாமி மண்ணில் சோறு தின்னும்போது பகை பேசக் கூடாது. வரப்புத் தகராறில் மண்டையை உடைத்துக்கொண்டவர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் வையி" என்று ஒருவருக்கொருவர் பரிமாறுவார்கள். கை கழுவியதும் அவரவர் பகையை அவரவர் எடுத்துக்கொண்டு போவார்கள். கோயில் வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைத் திரும்ப மாட்டிக்கொள்வது போலத்தான். அவன் என் இலையில் கறி வைத்தான். நான் தின்றேன். அவன் தம்பி செல்லில் படம் எடுத்துக்கொண்டே இருந்தான். விசேஷம் என்றால் எடுக்கத்தானே செய்வார்கள்?

கொஞ்ச நாளில் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தது. பிள்ளையை மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ராத்திரி தன் வீட்டில் தங்க வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவன் மனுப் போட்டிருந்தான். பிள்ளைமேல் ஆசை வந்துவிட்டதா என்றால், அதெல்லாம் இல்லை. பிள்ளையை அரசாங்கத்திடம் பறிகொடுத்தவன் என்று ஊர்ப் பஞ்சாயத்தில் அவன் பேச்சு எடுபடாமல் போயிருந்தது. மீசையைத் திரும்ப முறுக்க அவனுக்கு ஒரு உத்தரவு வேண்டியிருந்தது.

கூண்டில் ஏறினேன். அவன் வக்கீல் இரண்டு படத்தைப் பெரிதாகப் போட்டு வந்திருந்தார்.

"இந்தப் படத்துல குழந்தை யார் மடியில இருக்கு?"

"அவங்க அப்பா மடியிலங்க."

"அழுவுதா?"

"இல்லீங்க."

"இதுல யார் மடியில?"

"என் மடியிலங்க."

"அழுவுதா?"

"காது குத்துறாங்க சார், பின்ன சிரிக்குமா?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அழுவுதா இல்லையா?"

"அழுவுது."

படத்தில் ஆசாரியின் கை இல்லை, ஊசி இல்லை. ஓரத்தை அழகாக வெட்டியிருந்தார்கள். அந்த வக்கீலுக்கு வயது அறுபதுக்கு மேல் இருக்கும். அவர் காது மடலில் தூர்ந்துபோன துளையின் தழும்பு நன்றாகத் தெரிந்தது. அய்யா, அதை யார் மடியில் உட்கார்ந்து குத்திக்கொண்டீர்கள், அன்றைக்குச் சிரித்தீர்களா என்று கேட்க நாக்குத் துடித்தது. தமிழ்நாட்டில் பிறந்து காது குத்திக்கொண்ட ஒரு மனிதர், காது குத்துப் படத்தைக் காட்டி, மாமன் மடியில் பிள்ளை அழுகிறது என்று கோர்ட்டில் நின்று சொல்கிறார். அவருக்கு நன்றாகத் தெரியும். அதுதான் எனக்கு ஆறவே இல்லை. தெரியாமல் சொல்கிறவனை மன்னித்துவிடலாம்.

நீதிபதியும் என்னைக் கேட்டார். "குழந்தையை நீங்களேதான் அங்க கூட்டிட்டுப் போனீங்களா?"

"ஆமாங்கய்யா. கோயில் அவங்களுது."

"எல்லாரும் ஒண்ணா சாப்பிட்டீங்களா?"

"அது சாமி சோறுங்கய்யா. அந்த எடத்துல..."

"சாப்பிட்டீங்களா இல்லையா?"

சாப்பிட்டேன் என்றேன். பொய் சொல்லவா முடியும்? செருப்புக் கதையை அங்கே யாரிடம் சொல்வது? குழந்தை தந்தையிடம் இயல்பாக இருக்கிறது, குடும்பங்களுக்குள் சுமுக உறவு இருக்கிறது, பழைய சம்பவத்துக்குப் பின் புகார் எதுவும் இல்லை, தந்தையின் பாசத்தைக் குழந்தைக்கு மறுக்க முடியாது என்று உத்தரவு வந்தது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை காலையில் அனுப்ப வேண்டும், ஞாயிறு மாலை திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். புளி தின்று வாய் வெந்த பிள்ளை அதில் 'பழைய சம்பவம்' ஆகிப்போயிருந்தாள்.

ஊருக்கு வந்தால், எங்கள் பஞ்சாயத்தை நடத்தும் ஊர்க்கவுண்டர் பட்டறைக்கே வந்து உட்கார்ந்துகொண்டார். "பெத்தவன் வூட்ல ஒரு ராத்திரி தூங்குனா இன்னா ஆயிடும்? நீ எதுக்கு கோர்ட்டு கோர்ட்டுன்னு அலையற?" என்றார். பிள்ளை பூட்டிய வீட்டில் கிடந்தபோது இதே கவுண்டர்தான் என்னிடம், "தெரியாம நடந்துபோச்சு, வுடு" என்று சொன்னவர். கையில் ஸ்பானர் இருந்தது. கீழே வைத்துவிட்டு, "கவுண்டரே, உங்க பேத்திய ஒரு ராத்திரி அவன் வூட்ல வுட்டுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றேன். எழுந்து போனவர்தான், அந்த வருஷம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

எங்கள் வக்கீல், மேல்முறையீடு செய்யலாம், மெட்ராஸுக்குப் போக வேண்டும், ஒரு மாதத்துக்குள் போட்டாக வேண்டும் என்றார். அப்பாடா என்று இருந்தது. அப்பீல் போட்டுவிட்டால் பிள்ளையை அனுப்ப வேண்டியதில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்பீல் போட்டா மட்டும் இந்த உத்தரவு நிக்காதுங்க. ஸ்டே கிடைக்கற வரைக்கும் அனுப்பித்தான் ஆவணும். அனுப்பலைன்னா கோர்ட்டை அவமதிச்சீங்கன்னு உங்க மேலயே திரும்பும். அப்புறம் குழந்தையே கையவிட்டுப் போய்டும்."

உத்தரவு தப்பு என்று சொல்ல நான் மெட்ராஸுக்குப் போகலாம். தப்பா இல்லையா என்று அவர்கள் பார்த்துச் சொல்லும்வரை அந்தத் தப்புக்குப் பிள்ளையைக் கையைப் பிடித்து நானே அனுப்ப வேண்டும். இப்படி ஒரு சட்டத்தை எழுதியவன் வீட்டில் குழந்தை இருந்திருக்காது.

மெட்ராஸில் எங்களுக்கு வாய்த்த மேடம் நல்ல வக்கீல். காது குத்துப் படத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் காகிதங்கள், டீச்சரின் வாக்குமூலம் எல்லாம் சேர்த்து அப்பீலும் ஸ்டே மனுவும் போட்டார். ஆனால் ஹைகோர்ட்டில், எதிர்த்தரப்பையும் கேட்டுவிட்டுத்தான் சொல்வோம் என்று நோட்டீஸ் அனுப்பித் தள்ளி வைத்தார்கள். ஆக, சனிக்கிழமை வந்தது.

அவன் பைக்கில் வந்து கூட்டுரோட்டில் நின்றான். பிள்ளை பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு என் மனைவியிடம், "வர்றேன் அத்த" என்றாள். அழுகை இல்லை, அடம் இல்லை. பின்னால் ஏறி உட்கார்ந்து சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்பன் இடுப்பைப் பிடிக்கவில்லை. அவன் தம்பி இதையும் படம் எடுத்தான். சிரித்துக்கொண்டே எடுத்தான். "அழு, கத்து, என் காலைக் கட்டிக்கோ" என்று நான் மனதுக்குள் அவளைக் கெஞ்சினேன். ஒரு பிள்ளை அழவில்லையே என்று இவ்வளவு ஆத்திரப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

அந்த ராத்திரிகள் எங்களுக்கு எப்படிப் போயின என்று எழுதப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்ப வருவாள். "சாப்பிட்டியா?" என்றால் "சாப்ட்டேன்." "அப்பா எங்கன்னா போனாரா?" என்றால் "இல்ல." அவன் ஒழுங்காகத்தான் இருந்தான். கேஸ் நடக்கும்போது எவன்தான் ஒழுங்காக இருக்கமாட்டான்? போலீஸ் நிற்கிற இடத்தில் எல்லோரும் ஹெல்மெட் போடுகிறார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்பதே எனக்கு எதிரான சாட்சியாகச் சேர்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறை அவள் பத்திரமாகத் திரும்பும்போதும், நிம்மதி ஒரு பக்கம், போச்சே என்கிற எண்ணம் ஒரு பக்கம். இந்த மாதிரி எண்ணத்தை என் தலைக்குள் போட்ட கோர்ட்டை நான் மன்னிக்கப்போவதில்லை.

விசாரணைக்கு எங்கள் முறை வந்தபோது இரண்டு நீதிபதிகள் இருந்தார்கள். ஒருவர் பெண். எதிர்த்தரப்பு வக்கீல் படங்களோடு புதிதாக கூட்டுரோட்டு வீடியோவையும் கொண்டு வந்திருந்தார். குழந்தை சந்தோஷமாகப் போகிறது பாருங்கள் என்றார். எங்கள் மேடம், ஒரு அசம்பாவிதம் நடந்த பிறகுதான் நிறுத்த வேண்டுமா என்று கேட்டார். நன்றாகத்தான் வாதாடினார். ஆனால் கையில் காட்ட எதுவும் இல்லை. குழந்தையோடு நாங்கள் பேசிப் பார்க்கிறோம் என்று நீதிபதிகள் அவளை மட்டும் தங்கள் அறைக்குள் அழைத்துக்கொண்டார்கள்.

எனக்கு எல்லாம் போய்விட்டது என்று தோன்றியது. பயமாக இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லை என்பாள். அதுதானே அவள் வழக்கம். வராந்தாவில் அவளுடைய அப்பன் எனக்கு எதிரே, செல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் மனைவி, "நாமளே கெடுத்துட்டமாங்க, கோயிலுக்குப் போயி?" என்றாள். "சாமிக்குச் செய்யறத செஞ்சோம். கெடுத்தவன் படத்த வெட்டுனவன்" என்று நான் போட்ட சத்தத்தில் அங்கிருந்த காவலர் திரும்பிப் பார்த்தார்.

எங்களைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் நீதிபதிதான் பேசினார். கடுமையாக இல்லை.

"அப்பா வீட்டுக்குப் போகும்போது குழந்தை பையில என்ன எடுத்துட்டுப் போறா, தெரியுமா?"

"துணிதாங்கம்மா. ஒரு மாத்துப் பாவாட."

"துணிக்கு அடியில?"

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். தெரியாது என்றோம்.

"ஒரு பாட்டில் தண்ணி. ஒரு பிஸ்கட் பாக்கெட். காகிதத்துல மடிச்ச பொட்டுக்கடலை" என்றார். "அவளே சொன்னா. எதுக்கும்மான்னு கேட்டோம். 'பூட்டிட்டுப் போய்ட்டா துன்றதுக்கு'ன்னு சொன்னா. அப்பா வீட்டுக்குப் போக பயமா இருக்கான்னு கேட்டதுக்கு, இல்லைன்னா. 'அதான் எடுத்துட்டுப் போறேனே'ன்னு எங்களுக்கே தைரியம் சொல்றா."

எதிர்த்தரப்பு வக்கீல் படங்களை எடுத்து நிதானமாகக் கட்டுக்குள் செருகிக்கொண்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அழுதான் என்று பிறகு மேடம் சொன்னார். அழட்டும். எனக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

ராத்திரித் தங்கல் ரத்தானது. பகலில் பார்க்கலாம், பள்ளிக்கூடத்தில், டீச்சர் இருக்கும்போது. அவ்வளவுதான் உத்தரவு. இதைச் சொல்ல ஒரு பிள்ளை தன் பையைத் தானே கட்டிக்கொண்டு, மலைக்கும் மெட்ராஸுக்கும் அலைய வேண்டியிருந்தது. எத்தனை படித்தவர்கள், எத்தனை கட்டுக் காகிதம்! அந்தப் பையின் ஜிப்பைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லையே.

மறுநாள் காலையில் வீட்டில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன். "இனிமே ராத்திரிக்கு அங்க போவ வேணாம். ஜட்ஜம்மா சொல்லிட்டாங்க."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

எழுந்துபோய்ப் பையைக் கொண்டுவந்து என் எதிரில் வைத்து, துணிக்கு அடியில் கையை விட்டு அந்த பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தாள். மூலைகள் நசுங்கி, எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருந்தது.

"மாமா, அப்போ இத இப்பவே துன்னலாமா?" என்று கேட்டாள்.